பிளாக்ஸ்பாட்டிலிருந்து சொந்த டொமைனுக்கு: பழைய வாசகரை நடுவழியில் விடாமல் மாறும் முறை

கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்கரில், பிளாக்ஸ்பாட் முகவரியோடு பல வருடம் எழுதியவர்கள் ஒரு கட்டத்தில் சொந்தப் பெயரில் டொமைன், அதாவது தனி இணைய முகவரி, வாங்கி அதற்கு மாற நினைக்கிறார்கள். நினைத்ததும் வருகிற முதல் பயம் ஒன்றுதான்: இத்தனை வருடம் சேர்ந்த இணைப்புகள் என்னாகும்? வாட்ஸ்அப்பில் பகிரப்பட்டவை, கூகுள் தேடலில் வருபவை, வேறொருவர் தன் கட்டுரையில் கொடுத்தவை எல்லாம் செத்துவிடுமா?

சரியாகச் செய்தால் பிளாக்ஸ்பாட்.காம் இணைப்பு ஒன்றுகூடச் சாகாது. பழைய முகவரியைத் தட்டுகிறவரை அதே கட்டுரையின் புதிய முகவரிக்கு பிளாக்கரே கொண்டுபோய் விடும், அதுவும் இலவசமாக. ஆனால் நான் மாறியபோது இதைத் தமிழில் முதலிலிருந்து கடைசிவரை சொல்லும் குறிப்பு எதுவும் கைக்குச் சிக்கவில்லை. டொமைன் விற்ற நிறுவனத்தின் உதவி மையத்திலோ ஆளுக்கொரு பதில். ஹோஸ்டிங், அதாவது பக்கங்களை வைக்க வாடகை இடம், வாங்கினால்தான் முடியும் என்றுகூட ஒருவர் அடித்துச் சொன்னார். அது உண்மையில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து, படங்கள், பின்னூட்டங்கள் எல்லாம் பிளாக்கரிலேயே இருக்க, முகவரி மட்டும் மாறுகிறவர்களுக்கான வழி இது. வேர்ட்பிரஸுக்குக் குடிபெயர்வது முற்றிலும் வேறு வேலை.

1. பெயரை வாங்குவது: செலவும் ஆவணமும்

டாட் காம் என்றால் வருடத்துக்குச் சுமார் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். டாட் இன் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் தொகை முதல் வருடத்துக்கு மட்டும்தான். பக்கத்திலேயே பொடி எழுத்தில் புதுப்பிப்புக் கட்டணம் இருக்கும், அதைப் பார்த்து முடிவெடுங்கள். முதல் வருடம் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தது, அடுத்த வருடம் பல மடங்காகி நிற்கும்.

பணம் கட்டும் பக்கத்தில் ஹோஸ்டிங், எஸ்எஸ்எல் சான்றிதழ், மின்னஞ்சல் பெட்டி, வெப்சைட் பில்டர் என்று வரிசையாக நீட்டுவார்கள். சில ஏற்கெனவே டிக் அடிக்கப்பட்டே இருக்கும். எல்லாவற்றையும் நீக்குங்கள். பக்கங்களை வைத்திருப்பது பிளாக்கர், பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழையும் அதுவே தரும். உங்களுக்கு வேண்டியது பெயர் மட்டும். தொடர்பு விவரங்களை மறைக்கும் வசதியை இலவசமாகத் தந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'வெப்சைட் செய்து தருகிறோம்' என்று போன் மேல் போன் வரும்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். டெம்ப்ளேட் செய்து தருகிற தம்பியோ, கணினி தெரிந்த உறவினரோ 'நானே வாங்கித் தருகிறேன், பிறகு பணம் கொடுங்கள்' என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நாலு வருடம் கழித்து அவர் வேலை மாறி எண்ணையும் மாற்றிவிட்டால் நீங்கள் தவிக்க வேண்டிவரும். அலுவலக மின்னஞ்சலையும் கொடுக்காதீர்கள். பான் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். டாட் இன் வாங்கும்போது ஆதார் அல்லது பான் வழியாகச் சரிபார்க்கச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. பெயர் ஒத்துப்போனால் அந்த வேலை சட்டென்று முடியும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வாங்கியதும் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். டாட் காம் போன்றவற்றுக்கு 15 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும், இல்லையென்றால் டொமைன் முடக்கப்படும். பார்ப்பதற்கு மோசடி மடல் மாதிரியே இருப்பதால் பலர் அழித்துவிடுகிறார்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வாங்கிய தளத்துக்குள் நேராக நுழைந்து, அங்கே சரிபார்ப்பு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன. எனக்கும் ஆசைதான். ஆனால் பல செயலிகளில் நகலெடுத்து ஒட்டும்போது அவை புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடுகின்றன. முதன்மை முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நல்லது.

2. மாற்றத்துக்கு முன் மூன்று வேலைகள்

பிளாக்கர் செட்டிங்ஸில் 'பேக்கப்' எடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். தீம் பகுதிக்குப் போய் டெம்ப்ளேட்டையும் தனியாகச் சேமியுங்கள். இரண்டும் வெவ்வேறு கோப்புகள்.

அடுத்து, தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பழைய பிளாக்ஸ்பாட் முகவரி உங்கள் பெயரில் சரிபார்க்கப்பட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே சேருங்கள். பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிட ஆரம்பித்த பிறகு அதைச் சரிபார்ப்பது வீண் தலைவலி.

மூன்றாவது, பழைய கட்டுரைகளில் ஏழெட்டின் இணைப்பை ஒரு நோட்பேடில் எடுத்து வையுங்கள். பிறகு சோதிக்க இவைதான் உதவும். வருடத்துக்கு ஒன்றாக எடுத்தால் நல்லது.

எப்போது மாறுவது? உங்களுக்கு வாசகர் வரத்துக் குறைவான காலத்தில். நூல் விமர்சனம் எழுதுகிறவர் என்றால் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியில் கை வைக்காதீர்கள். ஒரு கட்டுரை பரபரப்பாகப் பகிரப்படும் வாரத்திலும் வேண்டாம். இடையில் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரைகூட, பக்கம் திறக்காமல் போகலாம்.

3. பிளாக்கரில் டொமைனைச் சொல்வது

செட்டிங்ஸ், அதில் 'பப்ளிஷிங்', அதில் 'கஸ்டம் டொமைன்'. அங்கே உங்கள் முகவரியை முன்னால் மூன்று டபிள்யூவோடு எழுத வேண்டும். வெறும் பெயரை எழுதினால் ஏற்காது.

சேமிக்க அழுத்தியதும் சிவப்பில் ஒரு பிழை வரும். பதறாதீர்கள், வரவேண்டியதுதான். அந்தப் பிழைச் செய்திக்குள் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் மூன்று டபிள்யூவும், அது போய்ச் சேர வேண்டிய ஜிஎச்எஸ்.கூகுள்.காம் என்ற முகவரியும். இது எல்லோருக்கும் பொது. இரண்டாம் வரியில் அர்த்தமில்லாத எழுத்துக் கோவை ஒன்றும், அதற்கு எதிரே அதைவிட நீளமான இன்னொன்றும் இருக்கும். டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிப்பதற்கான இந்த வரி உங்கள் வலைப்பூவுக்கு மட்டுமே உரியது. நண்பர் வைத்திருப்பதையோ யூடியூப் காணொளியில் காட்டுவதையோ பார்த்து எழுதினால் வேலை செய்யாது. கையால் தட்டச்சவும் வேண்டாம், நகலெடுத்து ஒட்டுங்கள். இந்தப் பக்கத்தை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு இன்னொரு டேபில் அடுத்த படிக்குப் போங்கள்.

4. டிஎன்எஸ் பதிவுகள்: பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் இடம்

டொமைன் வாங்கிய தளத்தில் நுழைந்து 'டிஎன்எஸ் மேனேஜ்மென்ட்' என்ற பக்கத்தைத் திறங்கள். பெயரைத் தட்டுகிறவரை எங்கே அனுப்ப வேண்டும் என்ற குறிப்புகள், அதாவது டிஎன்எஸ் பதிவுகள், இருக்கும் இடம் அது. புதிதாக எதையும் சேர்க்கும் முன் அங்கே ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். விற்பனையாளர்கள் தங்கள் விளம்பரப் பக்கத்தைக் காட்டுவதற்காக ஒரு ஏ ரெக்கார்டும் (பெயரை ஓர் எண் முகவரிக்கு அனுப்புவது), மூன்று டபிள்யூவுக்கு ஒரு சிநேம் ரெக்கார்டும் (பெயரை இன்னொரு பெயருக்கு அனுப்புவது) போட்டு வைத்திருப்பார்கள். இரண்டையும் நீக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலருக்கு ஒருமுறை வலைப்பூவும் மறுமுறை 'இந்த டொமைன் விற்பனைக்கு' என்ற பக்கமும் மாறி மாறி வருகின்றன. மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்ட் இருந்தால் மட்டும் தொடாதீர்கள். இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நேம் சர்வரையும் மாற்ற வேண்டியதில்லை.

இப்போது பிளாக்கர் காட்டிய இரண்டு வரிகளையும் இரண்டு சிநேம் ரெக்கார்டுகளாகச் சேருங்கள். 'ஹோஸ்ட்' அல்லது 'நேம்' என்ற கட்டத்தில் இடது பக்கத்தில் உள்ளது, 'பாயின்ட்ஸ் டு' அல்லது 'வேல்யூ' என்ற கட்டத்தில் வலது பக்கத்தில் உள்ளது.

ஹோஸ்ட் கட்டத்தில் மூன்று டபிள்யூ மட்டும் போதும். முழு முகவரியையும் எழுதினால், பெரும்பாலான தளங்கள் பின்னால் உங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே இன்னொரு முறை ஒட்டிவிடும். முகவரி 'உங்கள்பெயர்.காம்.உங்கள்பெயர்.காம்' என்று இரட்டிப்பாகி நிற்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. எழுத்துக் கோவை வரிக்கும் இதேதான். சேமித்த பிறகு பட்டியலில் அது எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்து, மூன்று டபிள்யூ இல்லாமல் வெறும் பெயரை மட்டும் தட்டி வருகிறவர்களுக்காக நான்கு ஏ ரெக்கார்டுகள். ஹோஸ்ட் கட்டத்தில் மின்னஞ்சலில் வரும் அந்த 'அட்' குறி. மதிப்புகள் இவை:

216.239.32.21
216.239.34.21
216.239.36.21
216.239.38.21

நான்கையும் தனித்தனிப் பதிவாகச் சேருங்கள். கவனித்தால் மூன்றாவது எண் மட்டும்தான் மாறும். ஒன்று மட்டும் போட்டாலும் வேலை செய்வது போலத் தெரியும், ஆனால் அது ஒன்று தடுமாறினால் மாற்று இல்லை.

பதிவை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் என்ற கட்டம் இருந்தால் 3600 என்று வையுங்கள், அதாவது ஒரு மணி நேரம்.

டிஎன்எஸ்ஸை கிளவுட்ஃபிளேர் என்ற சேவை வழியாக நடத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒரு மேகப் படம் இருக்கும். அது ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அழுத்திச் சாம்பல் நிறமாக்குங்கள். ஆரஞ்சில் விட்டால் பிளாக்கரால் சான்றிதழ் வாங்க முடியாமல் போகும், இல்லையென்றால் பக்கம் தன்னைத்தானே சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு கடைசியில் திறக்காமலே நிற்கும்.

விற்பனையாளர் தளத்தில் 'டொமைன் ஃபார்வர்டிங்' என்று ஒரு குறுக்குவழியும் கண்ணில் படும். அதிலும் 'மாஸ்கிங்' என்ற ஒன்று. உங்கள் பிளாக்ஸ்பாட் பக்கத்தைப் புதிய பெயருக்குள் ஒரு சட்டம் போட்டுக் காட்டுவது அது. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மேலே முகப்பு முகவரியே தெரியும், தனிக் கட்டுரையைப் பகிரவே முடியாது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

5. காத்திருந்து, மீண்டும் சேமித்தல்

பதிவுகள் உலகெங்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம் என்று எல்லாத் தளத்திலும் எழுதியிருக்கும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்திலேயே ஆகிவிடும். கூகுள் அட்மின் டூல்பாக்ஸில் உள்ள 'டிக்' என்ற கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் சிநேம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று காட்டும். அங்கே தெரிந்துவிட்டால் பிளாக்கர் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி சேமியுங்கள். இந்த முறை பிழை வராது.

வேறொரு வலைப்பூவோ கூகுள் தளமோ இந்த முகவரியைப் பயன்படுத்துகிறது என்று செய்தி வந்தால், அதே டொமைனை முன்பு கூகுளின் வேறு சேவையில் இணைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அங்கே போய் நீக்கிவிட்டு வாருங்கள்.

சேமிப்பு ஏற்கப்பட்டதும் கீழே 'ரீடைரக்ட் டொமைன்' என்று ஒரு பொத்தான் வரும். அதை இயக்குங்கள். நான்கு ஏ ரெக்கார்டுகள் பலன் தருவது இதற்குப் பிறகுதான்.

அப்புறம் எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுச் சின்னத்தோடு வரும் பாதுகாப்பான முகவரி. 'எச்டிடிபிஎஸ் அவைலபிலிட்டி' என்பதை முதலில் இயக்குங்கள். சான்றிதழ் தயாராகச் சில நிமிடமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அதுவரை உலாவி 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டும். நிலை 'அவைலபிள்' என்று மாறிய பிறகே 'எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட்' பொத்தானைத் தொடுங்கள். அவசரப்பட்டு முன்பே இயக்கினால் வருகிற ஒவ்வொரு வாசகரும் அந்த எச்சரிக்கையில்தான் முட்டிக்கொள்வார்.

6. பழைய இணைப்புகளைச் சோதிப்பது

நோட்பேடில் எடுத்து வைத்த பழைய இணைப்புகளை இப்போது ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். வழக்கமான உலாவியில் வேண்டாம், பழையதை அது நினைவில் வைத்திருக்கும். செல்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு இன்காக்னிட்டோவில் திறங்கள். முகப்புக்குப் போகாமல் அதே கட்டுரைக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

போகும். பிளாக்கர் தருவது 301 என்ற நிரந்தரத் திருப்பம், முகவரியில் பெயருக்குப் பின்னால் வரும் பகுதியை அது அப்படியே காப்பாற்றும். தமிழில் தலைப்பு வைத்தவர்களுக்கு அந்தப் பகுதி எப்படி இருக்கும் என்று தெரியும்: ஆண்டு, மாதம், பிறகு 'பிளாக்-போஸ்ட்_15' என்ற மாதிரி. தமிழ் எழுத்தைத் தள்ளிவிட்டு பிளாக்கர் தானாக வைத்த பெயர் அது. மாறுகிற வேகத்தில் இதையும் அழகாக்கலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வெளியான கட்டுரையின் பின்பகுதியை மாற்றினால் பழைய இணைப்பு அறுந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் செட்டிங்ஸில் 'கஸ்டம் ரீடைரக்ட்' தனித்தனியாக எழுத வேண்டும். இனி எழுதப் போகும் கட்டுரைகளுக்கு மட்டும் வெளியிடும் முன் 'பெர்மாலிங்க்' பகுதியில் நல்ல பெயராக வையுங்கள்.

பிளாக்ஸ்பாட்.இன் என்று முடியும் இணைப்புகளின் கதி வேறு. 2012-இலிருந்து சில வருடம் இந்திய வாசகர்களை பிளாக்கர் அந்த முடிவுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. அப்போது நகலெடுத்துப் பகிர்ந்ததெல்லாம் அப்படியே பதிந்துவிட்டது. 2020-இல் அந்த டொமைனே கூகுளின் கையை விட்டுப் போனது. அந்த இணைப்புகளை எந்த செட்டிங்காலும் காப்பாற்ற முடியாது. உங்கள் சொந்தக் கட்டுரைகளுக்குள் ஒன்றுக்கொன்று கொடுத்த இணைப்புகளில் அவை இருந்தால் தேடித் திருத்துங்கள். பிளாக்கரின் பதிவுப் பட்டியலில் உள்ள தேடலில் 'பிளாக்ஸ்பாட்.இன்' என்று ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் முக்கியமான கட்டுரைகளைக் கண்ணாலும் ஒருமுறை பாருங்கள்.

பிளாக்ஸ்பாட்.காம் என்று முடியும் உள் இணைப்புகள் திருப்பத்தால் பிழைத்துக்கொள்ளும், அவசரமில்லை. நேரம் கிடைக்கும்போது திருத்தலாம். ஆனால் பேக்கப் கோப்பையோ டெம்ப்ளேட்டையோ திறந்து 'பிளாக்ஸ்பாட்.காம்' என்று வருகிற எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். பழைய படங்களின் முகவரியிலும் 'பிபி.பிளாக்ஸ்பாட்.காம்' என்று அது வரும். அதை மாற்றினால் பல வருடப் படங்கள் மொத்தமாக மறைந்துவிடும். மாற்றுவதாக இருந்தால் உங்கள் வலைப்பூவின் முழுப் பெயரோடு சேர்த்துத் தேடி மாற்றுங்கள்.

7. கூகுளுக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது

சர்ச் கன்சோலில் புதிய டொமைனைச் சேருங்கள். அது தரும் டெக்ஸ்ட் ரெக்கார்டை டிஎன்எஸ் பக்கத்தில் ஒட்டினால் சரிபார்ப்பு முடிந்தது. கட்டுரைகளின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்துவிட்டு, பழைய முகவரியின் செட்டிங்ஸில் உள்ள 'சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்' கருவியை இயக்குங்கள். திருப்பம் சரியாக இருக்கிறதா என்று அதுவே சோதித்துச் சொல்லும். தேடலில் முகவரிகள் மாறச் சில வாரம் ஆகும். இடையில் வரத்துக் குறைந்தால் எதையும் கலைத்துப் போடாமல் பொறுத்திருங்கள். திருப்பத்தைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் சொல்வது, வலைப்பூ இருக்கும்வரை வைத்திருங்கள்.

கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் வைத்திருப்பவர்கள் புதிய முகவரியைத் தனித் தளமாகச் சேர்த்து ஒப்புதல் வாங்க வேண்டும். அது வரும்வரை வருமானம் நிற்கலாம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் பகிர்வு எண்ணிக்கை காட்டும் பட்டை போட்டிருந்தால் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மற்றபடி உங்கள் முகநூல், யூடியூப் விவரப் பகுதி, மின்னஞ்சல் கையொப்பம் இவற்றில் முகவரியை மாற்றினால் போதும்.

8. பழையதை அழிக்காமல், புதியதை இழக்காமல்

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பிளாக்ஸ்பாட் பெயர் இனி எதற்கு என்று அதை வேறு பெயருக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றிய நொடியில் பழைய பெயரின் திருப்பம் நின்றுவிடும். அதோடு, விட்ட பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டு உங்கள் பழைய இணைப்புகளுக்கு வருகிறவர்களிடம் எதை வேண்டுமானாலும் காட்டலாம். அந்தப் பெயரைத் தொடவே தொடாதீர்கள். பிளாக்கருக்கான கூகுள் கணக்கிலும் அடிக்கடி நுழையுங்கள், இரட்டைச் சரிபார்ப்பு போட்டு வையுங்கள்.

டொமைன் காலாவதியானால் நிலைமை இன்னும் மோசம். பிளாக்கருக்கு அது தெரியாது, பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், அந்தப் பெயரை இப்போது யார் வைத்திருந்தாலும். அட்டையில் தானாகப் பணம் எடுத்துப் புதுப்பித்துவிடுவார்கள் என்று இருக்க வேண்டாம். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் நம் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முயற்சி அடிக்கடி தோற்றுப்போகிறது. முடிந்தால் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்டுங்கள், பத்து வருடம் வரை கட்டலாம். முடிவு தேதிக்கு ஒரு மாதம் முன்பாகச் செல்பேசிக் காலண்டரில் நினைவூட்டல் போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கட்டும்.

தேதி தாண்டிவிட்டாலும் டாட் காமில் உடனே பெயர் போய்விடாது. பெரும்பாலான விற்பனையாளர்கள் சில வாரம் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க விடுவார்கள். அதற்கடுத்த 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும்.

அப்படி ஒருவேளை பெயர் கைநழுவினால், முதல் வேலையாக பிளாக்கர் செட்டிங்ஸில் 'கஸ்டம் டொமைன்' கட்டத்தை வெறுமையாக்கிச் சேமியுங்கள். திருப்பம் நின்று, உங்கள் எழுத்து முழுவதும் பழைய பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே மறுபடி திறக்கும்.